யாரோ கொடுப்பதாக நினைத்தோம்

என் வலது கண்ணில் பார்வை இல்லை. பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்கிறேன், முழுதாகப் பழகவில்லை. திகனயிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் வலப்பக்கம் யாராவது வந்து உட்கார்ந்தால், அவர் பேசிய பிறகுதான் ஆள் இருப்பது தெரிகிறது. தேநீரை ஊற்றும்போது கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறேன். மகள் துடைக்கிறாள், நான் கத்துகிறேன்.

இந்தக் கண்ணை யாரோ கல்நெஞ்சக்காரர்களால் நான் இழந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு ஆறியிருப்பேன். திட்டுவதில் எனக்குக் குறைவில்லை. ஆனால் என்னுடன் பிறந்த இருவரும் நல்லவர்கள். மூத்தவர் அண்ணன், நாங்கள் நானா என்போம், திகன பஸாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். அடுத்தவர் அக்கா, எங்கள் வழக்கத்தில் ராத்தா. அவரை பிலிமத்தலாவையில் கட்டிக்கொடுத்திருக்கிறது, அவருடைய கணவருக்குத் துணிக்கடை. இருவரும் அள்ளிக் கொடுப்பவர்கள். ஒரு பொல்லாத பழக்கம் மட்டும் உண்டு: கொடுப்பது யாருக்கும் தெரியக் கூடாது. அந்த நல்ல பழக்கத்தால்தான் என் கண் போனது.

பழக்கம் எங்களைப் பெற்ற வாப்பாவிடமிருந்து வந்தது. வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை. இல்லாதவர்கள் அரிசி வாங்க வந்தால் கேட்டதற்கு மேல் நிறுத்துப் போடுவார். அவர்கள் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தயங்கினால், தராசு சரியில்லை, திருத்தக் கொடுக்க வேண்டும் என்று முணுமுணுப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தத் தராசு சரியில்லாமலே இருந்தது, திருத்தவும் போகவில்லை. நோன்பு மாதத்தில் யாருடைய வீட்டுக்காவது மூட்டை போனால், கண்டியில் ஒரு ஹாஜியார் அனுப்பினார் என்று சொல்லச் சொல்லுவார். அப்படி ஒரு ஹாஜியார் உலகத்தில் இல்லை. ஊரில் பாதிப் பேர் அந்த ஹாஜியாருக்காக துஆ செய்துகொண்டிருந்தார்கள்.

மார்க்கத்தில் மறைவாகக் கொடுப்பதற்குத் தனிச் சிறப்பு உண்டு. வெளியே தெரியக் கொடுப்பதையும் மார்க்கம் நல்லது என்றுதான் சொல்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக்குள் முதல் பாதி மட்டும்தான் வந்து சேர்ந்தது. கொடுத்ததை வாய்விட்டுச் சொன்னால் நன்மை கரைந்துவிடும். இன்னொருவர் கொடுத்ததை விசாரித்தால் அவருடைய நன்மையைக் கரைத்த பாவம் நமக்கு. இது எங்கள் வீட்டுச் சட்டம். அதற்கு ஒரு வாலும் உண்டு: வாங்கியவரும் வாயைத் திறக்கக் கூடாது. கொடுத்தவர் மறைக்க விரும்பியதை வாங்கியவர் உளறலாமா? இப்படி நாங்கள் மூன்று பேரும் வாயைக் கட்டி வளர்க்கப்பட்டோம்.

பள்ளிவாசல் கதவில் பெயர் எழுதிவைப்பவர்களை நாங்கள் கேலி செய்வோம். சின்ன மின்விசிறி ஒன்றைக் கொடுத்துவிட்டு ஜும்ஆவுக்கு வரும்போதெல்லாம் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ஒருவர் இருந்தார். அவரைப் போல அண்ணாந்து நடித்துக் காட்டி நான் வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். வாப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததால் இன்னும் நடித்தேன்.

என் கணவர் டயர் ஒட்டும் கடை வைத்திருந்தார். மகள் பத்தாம் வகுப்புக்கு வரும்போது மௌத்தாகி என்னைத் தனியாக்கிவிட்டார். நான் மொண்டிசோரியில் படிப்பித்தேன். சம்பளம் பெரிதில்லை, ஆனாலும் காலம் ஓடியது. கொரோனாவில் மொண்டிசோரியை மூடினார்கள். திறந்தபோது பிள்ளைகள் கொஞ்சம்பேர்தான் வந்தார்கள். சம்பளம் வரும் மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. இடியப்பம் அவித்துத் தேநீர்க்கடைகளுக்குக் கொடுத்தேன். பிறகு கேஸ் தட்டுப்பாடு வந்தது. அந்த நாள்களில் எல்லோரும் பட்டதுதான், நான் மட்டும் பட்டதாகச் சொல்லவரவில்லை. எனக்குச் சீனி வருத்தமும், நீரிழிவுதான், இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது வலது கண்ணில் கறுப்பு நூல்கள் மிதப்பது போல இருந்தது. கிளினிக்குக்கு ராத்தாதான் என்னோடு வந்தார். சீனியால் கண்ணின் உள்ளே இரத்தம் கசிகிறது, கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், மாதா மாதம் விடாமல் போட்டால் காப்பாற்றலாம் என்றார் டொக்டர். முதல் ஊசி அங்கேயே கிடைத்தது. அடுத்ததற்கு மருந்து வருமோ தெரியாது, வராவிட்டால் வெளியே வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று தாதி சொன்னார். அந்தக் காலத்தில் எல்லா மருந்துக்கும் அப்படித்தான் சொன்னார்கள். வெளியே அதன் விலையைக் கேட்டபோது, கடைக்காரர் வேறு ஏதோ மருந்தின் விலையைச் சொல்கிறார் என்று நினைத்து மறுபடி கேட்டேன். அவர் எரிச்சலோடு அதே விலையைச் சொன்னார்.

ஆக, என் கண்ணுக்கு ஊசி வேண்டும் என்பது ராத்தாவுக்குத் தெரியும். அன்றைக்கே அவர் நானாவுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். நானா முழுவதையும் கேட்டுவிட்டு, அல்லாஹ் லேசாக்குவான் என்றாராம். எங்கள் குடும்பத்தில் அதற்கு அர்த்தம் உண்டு. வாப்பா அப்படிச் சொன்னால் மறுநாள் எங்கேயோ ஒரு மூட்டை போகும். எனவே நானா பொறுப்பெடுத்துவிட்டார் என்று ராத்தா எடுத்துக்கொண்டார். நானாவோ வேறு விதமாக எடுத்துக்கொண்டார். கிளினிக்குக்குக் கூட்டிப்போனதே ராத்தாதான், மருந்தையும் அவரே பார்த்துக்கொள்கிறார், தனக்கு வெறும் செய்தியாகச் சொல்கிறார் என்று நினைத்தார். ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். கேட்டால் நன்மை கரைந்துவிடுமே.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது நான் அறிந்தது, இருவருக்கும் தெரியும், இருவரும் கொடுக்கவில்லை என்பது மட்டும்தான்.

அவர்கள் வீட்டுக்கு வராமலும் இல்லை. வந்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள். என் வீட்டில் எதைப் பார்த்தாலும் அது மற்றவர் கொடுத்ததாகவே அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. ராத்தா வந்த அன்று குசினியில் நிறைந்த கேஸ் சிலிண்டர் இருந்தது. அது எதிர்வீட்டுச் சிங்கள அம்மாவுடையது. அவர் தன் மகளைப் பார்க்க ஊருக்குப் போனபோது களவு போகாமல் இருக்க என்னிடம் வைத்துவிட்டுப் போனார். நான் வெளியே விறகு மூட்டிக்கொண்டிருந்தேன். நானா வந்த அன்று மூலையில் கீரி சம்பா மூட்டை ஒன்று சாய்ந்திருந்தது. திருப்தியோடு தலையாட்டி, நல்ல அரிசிதான் சமைக்கிற போல, என்று சொன்னார். மூட்டைக்குள்ளே தேங்காய்ச் சிரட்டை. எரிப்பதற்குச் சேர்த்து வைத்திருந்தேன். விற்றுவிட்ட ஃபிரிஜ் இருந்த இடம் வெறுமையாக இருந்ததைக்கூட அவர் பார்த்தார், திருத்தக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாராம்.

எல்லாம் நடக்கிறதா என்று கேட்பார்கள். நான் அல்ஹம்துலில்லாஹ் என்பேன். வேறென்ன சொல்வது? சொந்த நானாவிடம் கையேந்துவதற்கு நாக்கு எழவில்லை. தெரிந்துகொண்டே கேட்கிறார்களே என்று உள்ளே எரிந்தது. எரிய எரிய இன்னும் இனிமையாகச் சொன்னேன். அவர்களுக்கு அதில் ஒரு நிம்மதி. கொடுக்கிறவரைக் காட்டிக்கொடுக்காமல் எவ்வளவு அழகாக மறைக்கிறாள், வாப்பாவின் பிள்ளைதான், என்று ராத்தா தன் கணவரிடம் சொல்லிப் பெருமைப்பட்டாராம். என் வீம்பு அவருக்கு அமானிதமாக, நம்பிக் கொடுத்ததைக் காப்பதாக, தெரிந்திருக்கிறது.

ஊசி போடாத மாதங்கள் சேர்ந்தன. ஒரு மாதம் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகளிடம், மருந்து வரவில்லையாம், வந்தவுடன் கூப்பிடுவார்களாம் என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பஸாரில் சில கடைக்காரர்கள் சேர்ந்து உலர் உணவுப் பொதி கொடுத்தார்கள். பொதியில் தங்கள் கடைகளின் பெயரை அடித்திருந்தார்கள். வாங்குகிறவரை நிறுத்தி, கொடுக்கிறவர் பக்கத்தில் நின்று, பொதியை இரண்டு பேரும் பிடித்துக்கொள்ளும்படி படம் எடுத்தார்கள். அன்று பின்னேரமே அது ஃபேஸ்புக்கில் வந்துவிடும். நான் வரிசையில் நின்றேன். முறை வர இன்னும் கொஞ்சம்பேர்தான் இருந்தார்கள். அந்தப் படம் எடுக்கும் கூத்தைப் பார்த்ததும் எனக்கு வாப்பாவின் இரத்தம் கொதித்துவிட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன். இன்னாருடைய தங்கச்சி பொதி வாங்குகிறாள் என்று நானாவின் பெயர் கெட வேண்டாம் என்றும் நினைத்தேன். வீட்டுக்கு வந்து அவர்களை மகளிடம் நடித்துக்காட்டினேன். பொதியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டும் ஹாஜியாராக நின்றேன். அவள் சிரிக்கவில்லை. அரிசி முடிந்திருந்தது.

அந்தப் படத்தில் நான் நின்றிருக்க வேண்டும். எத்தனையோ விஷயங்களுக்கு வருத்தப்படுகிறேன், ஆனால் இதற்குப் படும் வருத்தம் தனி. நானா ஃபேஸ்புக் பார்ப்பவர். அன்று பின்னேரம் கடையில் உட்கார்ந்தபடி என் முகத்தை அதில் பார்த்திருந்தால், இரவு சாப்பாட்டுக்கு முன்னால் என் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பார். கத்தியிருப்பார், அழுதிருப்பார், கண்ணுக்கு மருந்து வந்திருக்கும். படம் எடுத்துக் கொடுக்கிறவர்களை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர்களிடம் ஒன்று உண்டு. யாருக்குக் கிடைத்தது என்று ஊருக்குத் தெரியும், யாருக்குக் கிடைக்கவில்லை என்றும் தெரியும்.

ராத்தாவுக்கு இடையில் ஒருமுறை சந்தேகம் வந்திருக்கிறது. என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டு மகளுக்கு ஃபோன் எடுத்திருக்கிறார். நானா மாமா உம்மாவுக்கு ஏதும் உதவி செய்கிறாரா என்று சுற்றி வளைத்துக் கேட்டாராம். அவளுக்கு இல்லை என்று தெரியும். ஆனால் வீட்டு விஷயத்தை வெளியே பேசாதே என்று வளர்த்தவள் நான். அது உம்மாவுக்குத்தான் தெரியும் பெரியம்மா என்று சொல்லிவிட்டாள். ராத்தா சந்தோஷமாக ஃபோனை வைத்துவிட்டார். பிள்ளைகூட மறைக்கிறாளே, நிச்சயம் கொடுக்கிறார் என்று முடிவு செய்துகொண்டார்.

கண் போனது ஒரு காலை நேரத்தில். வலியே இல்லை. சுபஹு தொழுது ஸலாம் கொடுக்க வலப்பக்கம் திரும்பினேன், சுவரில் பாதி இல்லை. ஒரு கறுப்புத் திரைதான் இருந்தது. மகளைக் கூப்பிட்டேன். அவள் என்னிடம் ஒன்றும் கேட்காமல் நானாவுக்கு ஃபோன் எடுத்தாள். நானா கடையைத் திறக்காமல் தன் வான் வண்டியில் வந்தார். ராத்தா பிலிமத்தலாவையிலிருந்து நேரே கண்டிக்கு வந்துவிட்டார். பெரிய டொக்டர் ஒருவரை சனல் பண்ணி, தனியாக நேரம் எடுத்து, என்னைக் காட்டினார்கள். காசு கட்டுவதற்கு இருவரும் முண்டியடித்தார்கள். இந்த முண்டியடிப்பு முன்னமே எங்கே போயிருந்தது என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

டொக்டர் அமைதியானவர். வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு, ஊசியை ஏன் நிறுத்தினீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். இந்தக் கண்ணில் இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, மற்றக் கண்ணுக்காவது விடாமல் போடுங்கள் என்றார்.

வெளியே வந்து கதிரையில் உட்கார்ந்தோம். நானா எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பிறகு ராத்தாவின் பக்கம் திரும்பினார்.

"ஊசிய நிப்பாட்டினண்டு செல்றாரே. நீ பாக்கிறண்டுதானே நான் நெனச்சிட்டு ஈந்த?"

ராத்தாவும் எழுந்துவிட்டார்.

"நானா, நீங்க பாக்கிறண்டுதான் நான் பேசாம ஈந்த. நீங்க மறைச்சிக் குடுக்கிறத நான் எப்டி வாய்விட்டுக் கேக்கிற?"

அப்புறம் இருவரும் என்னைப் பார்த்தார்கள். அதுவரை அவர்கள் தெரிந்தே கைவிட்டார்கள் என்று நம்பி வெறுத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த வெறுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்று அந்த நொடியில் தெரிந்தது. கோபப்படவும் யாருமில்லை. எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தபடி சத்தமாகச் சிரித்தேன். காவலாளி திரும்பிப் பார்த்தார்.

என் சிரிப்பு நானாவைச் சுட்டுவிட்டது. அவருக்குத் தன்னைக் கஞ்சன் என்று யாராவது நினைத்தால் தாங்காது.

"நான் குடுக்காத மனுசனா? இந்த நோன்புக்கு புசல்லாவையில ஒரு தோட்டத்து மனுசிக்கு கண் ஒபரேசனுக்கு முழுக் காசும் நான்தான்..."

அதோடு நின்றுவிட்டார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அவர் வாழ்நாளில் தான் கொடுத்ததை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். லொறிக்காரர் ஒருவர் சொல்லிக் கேட்டு, முகம் தெரியாத ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் இப்போது இரண்டு கண்ணாலும் கொழுந்து பார்த்துப் பறிக்கிறாள், அல்லாஹ் அவளை நன்றாக வைக்கட்டும். அவள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தபோது குறை இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நானா தூணில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். பஸாரில் நாலு பேரை அதட்டி வேலை வாங்கும் மனிதர். ராத்தா என் வலப்பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தார். பிடித்த பிறகுதான் அங்கே அவர் இருப்பது எனக்குத் தெரிந்தது.

இடது கண்ணுக்கு ஊசி விடாமல் போகிறது. ஒரு மாதம் நானா, ஒரு மாதம் ராத்தா. வாங்கியவுடன் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். "இந்த மாசம் ஊசி நான் எடுத்த" என்று நானாவின் குரல் வரும். அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கூசும். மைத்துனிகளும் மருமக்களும் கேட்கிறார்களே என்று உடம்பு சுருங்கும். ஆனால் அழிக்கச் சொல்ல மாட்டேன். கூச்சத்தோடு பார்வையும் இருக்கிறது, பரவாயில்லை. மகள்தான் இன்னும் ஆறவில்லை. இப்போது கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். சில நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, அன்றைக்கு நான் பெரியம்மாவிடம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே உம்மா என்று ஆரம்பிப்பாள். உன் குற்றமில்லை என்று நான் சொன்னால் கேட்டுக்கொள்வாள். பிறகு இன்னொரு நாள் மறுபடி ஆரம்பிப்பாள். அவளை வாய் பேசாமல் வளர்த்த என்மீதுதான் எனக்குக் கோபம். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

போன நோன்பில் நானா எங்களை வீட்டுக்கு அழைத்தார். நோன்பு திறந்து, மஃரிப் தொழுது, எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டான சஹனைச் சுற்றி உட்கார்ந்த பிறகு தொண்டையைச் செருமினார். இந்த வருசம் யார் யாருக்கு என்ன கொடுக்கிறோம் என்று மூன்று பேரும் வாய்விட்டுச் சொல்லுவோம், நம்மோடு இருக்கட்டும், ஆனால் நமக்குள் மறைக்க வேண்டாம் என்றார். வாப்பா இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார். ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வெட்கமாக இருக்கிறது என்றார். சொந்தக் கூடப்பிறந்தவர்கள் முன்னால் துணி மாற்றச் சொன்னது போல இருந்தது எங்களுக்கு.

நானாதான் தொடங்கினார், சோற்றைப் பார்த்துக்கொண்டு. பிறகு ராத்தா, காதில் விழாத குரலில். இடையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்குப் பக்கத்து வீட்டு மனுசி ஒருத்திக்கு நானாவும் கொடுக்கிறார், ராத்தாவும் கொடுக்கிறார், என் சின்னக் கையால் நானும் கொடுத்திருக்கிறேன். யாராவது ஒருவர் பக்கமாகப் போகும்போது அவள் இருமினால் போதும் போல. மனசு லேசாகி, இதை முன்னமே செய்திருக்கலாமே என்று நானா சொன்னார். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது மகள் கேட்டாள்.

"பேக்கரி மாமாக்கு யாரு குடுக்கிற?"

அவள் சொன்னது எங்கள் சாச்சாவின், வாப்பாவுடைய தம்பியின், மகனை. நானும் அவரும் ஒரே தெருவில் ஓடியாடி வளர்ந்தவர்கள். பிலிமத்தலாவையில் பேக்கரி ஒன்றில் வேலை செய்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் கையும் காலும் விழுந்த பிறகு, ஒரு கடைக்குப் பின்னால் உள்ள அறையில் தனியாக இருக்கிறார். சோற்றில் இருந்த கைகள் எல்லாம் நின்றன. நானா ராத்தாவைப் பார்த்தார். ராத்தா நானாவைப் பார்த்து, ஒவ்வொரு வாரமும் அந்தப் பக்கம் சாமான் இறக்க உங்கள் வான் வருகிறதே என்று மெல்லச் சொன்னார். பிறகு இருவரும் என் பக்கம் திரும்பவில்லை. என்னிடம் கேட்க என்ன இருக்கிறது என்று விட்டிருப்பார்கள். ஆனால் அந்த மனிதரை ராத்தா பார்த்துக்கொள்கிறார் என்றுதான் நானும் இத்தனை காலம் இருந்தேன். கண்ணை இழந்து, இழந்தது எப்படி என்று தெரிந்து, அதற்காக இரண்டு பேரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவள். எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

மறுநாள் நான்தான் போகிறேன் என்று சொன்னேன். மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் மாறிப் போனேன். ராத்தா ஒரு பையில் என்னென்னவோ கட்டி பிலிமத்தலாவை பஸ் நிறுத்தத்துக்கு ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். வழியெல்லாம் சாச்சாவின் மகனிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். சாமானைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வரக்கூடாது, மறைக்காமல் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். சொல்லிச் சொல்லிப் பார்த்து, ஒரு வாக்கியமாக அதைச் சரிப்படுத்தி வைத்திருந்தேன்.

அறையில் லைட் இல்லை, கரண்டை வெட்டியிருந்தார்கள். பள்ளியில் கொடுக்கும் நோன்புக் கஞ்சியை ஒரு வாளியில் வாங்கி மூடி வைத்திருந்தார். நோன்பு திறக்கவும் அதுதான், விடியுமுன் ஸஹருக்கும் அதுதான் என்று அடுத்த வீட்டுக்காரி மகளிடம் சொல்லியிருக்கிறாள். என்னைக் கண்டதும் நல்ல கையை ஊன்றிக்கொண்டு எழப் பார்த்தார். நான் தடுத்தேன். பையை அவர் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு வலது கண்ணை. அவருக்கு வாய் கொஞ்சம் கோணியிருப்பதால் வார்த்தைகள் மெதுவாகத்தான் வந்தன.

"ஒன்ட கண்ணக் கேள்விப்பட்டு நான் அழுத, தங்கச்சி. அந்த நேரம் எனக்கி நல்லா வேல ஈந்த, கையில காசும் ஈந்த. ஒன்ட நானா ஒன்னப் பாக்கிறாரண்டு நெனச்சிட்டேன்."

நான் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்களை ராத்தா பார்க்கிறார் என்று நினைத்துவிட்டேன் என்பதுதான், அவரிடம் சொல்வதற்கு நான் திகனயிலிருந்து கொண்டுவந்திருந்த வாக்கியம்.